பேர் மலச்சிக்கல், ஆபத்து வயிற்றுப்போக்கு: ஹிர்ஷ்ப்ரங் நோயுள்ள குழந்தையின் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிறந்த குழந்தை முதன்முதலில் போகும் கருமலத்தைக் கிராமத்தில் காட்டுப்பீ என்பார்கள். தார் மாதிரி ஒட்டும், துணியில் பட்டால் லேசில் போகாது. நிறைமாதக் குழந்தைகளில் 100-க்கு 95-க்கும் மேல் 24 மணி நேரத்துக்குள் அதைப் போய்விடும். 48 மணி நேரம் தாண்டியும் போகாத குழந்தை அபூர்வம். பிரசவ வார்டில் பால் குடித்ததா, மூத்திரம் போனதா என்று எல்லாரும் கேட்பார்கள். காட்டுப்பீ எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிவைப்பவர்கள்தான் குறைவு. ஹிர்ஷ்ப்ரங் நோய்க்கு முதல் சாட்சி அந்த நேரக் குறிப்புதான்.

ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நாலு மடங்கு அதிகம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். மலச்சிக்கல் நோய் என்றே இது பேரெடுத்துவிட்டது, ஆனால் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது திடீரென்று வரும் வயிற்றுப்போக்கு. கீழே வரும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

## குடலில் என்ன குறை

உணவைத் தள்ளிக்கொண்டு போவதற்குக் குடல் ஓரிடத்தில் சுருங்க வேண்டும், அடுத்த இடத்தில் தளர வேண்டும். தளரச் சொல்லும் வேலை குடல் சுவருக்குள் இருக்கும் கேங்லியான் நரம்பணுக்களுடையது. கரு வளரும்போது, சுமார் 5-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரத்துக்குள், இந்த அணுக்கள் மேலிருந்து ஆசனவாயை நோக்கி நகர்ந்து வந்து குடியேறுகின்றன. பயணம் பாதியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் முழுக்க இந்த அணுக்கள் இல்லாமல் போகும். அந்தப் பகுதி எப்போதும் இறுகியே இருக்கும், மலமும் காற்றும் அதைத் தாண்ட முடியாது. பயணம் எப்போதும் மேலிருந்து கீழ் என்பதால் குறை ஆசனவாயிலிருந்தே தொடங்கும். எவ்வளவு தூரம் மேலே போகிறது என்பதுதான் குழந்தைக்குக் குழந்தை மாறும். சுமார் 80 சதவீதம் பேருக்கு மலக்குடலும் அதற்கு மேலுள்ள வளைந்த சிக்மாய்டு பகுதியும் மட்டும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதும்.

டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் 1886-இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில், இந்த நோயால் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். பானை போல வீங்கியிருந்த பெருங்குடல்தான் அவர் கண்ணில் பட்டது. அறுபது ஆண்டுகள் எல்லாரும் அதையே நோய் என்று நம்பினார்கள். உண்மையில் வீங்கிய குடல்தான் நல்ல குடல், தள்ளித் தள்ளி அலுத்துப் பெருத்தது. பார்க்க ஒழுங்காக இருக்கும் கீழ்ப்பகுதிதான் நோய்ப்பட்டது. 1948-இல் ஆர்வர் ஸ்வென்சன் அந்த ஒல்லிக் குடலை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்துக் காட்டிய பிறகுதான் இந்த நோய்க்கு விமோசனம் வந்தது. இன்றைய எல்லா அறுவைகளும் அந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டதோ, சாப்பிடாததோ இதற்குக் காரணமில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, அதில் ரெட் என்ற மரபணு முக்கியமானது. ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சராசரியாக 100-க்கு 4. குறையுள்ள குடல் நீளமாக இருந்தால் அது இன்னும் கூடும். அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது இதை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## எப்போது சந்தேகப்பட வேண்டும்

பச்சிளம் குழந்தையிடம்: 24 மணி நேரம் கடந்தும் காட்டுப்பீ இல்லை, வயிறு உப்புகிறது, பால் வேண்டாம் என்கிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது.

பச்சை வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலைச்சாறு போலவோ பாசி போலவோ பச்சையாக வாந்தி எடுத்தால், காரணம் எதுவானாலும், அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம். குடல் முறுக்கிக்கொண்டாலும் இதே வாந்திதான் வரும், அதில் சில மணி நேரத் தாமதமே குடலை அழுகவைத்துவிடும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தையிடம்: பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், பானை வயிறு, ஒல்லிக் கைகால், எடை ஏறாமை. மருந்து வைத்தால்தான் போகும், தானாகப் போகாது. சாதாரண மலச்சிக்கல் பெரும்பாலும் திட உணவு தொடங்கும்போதோ, கழிவறைப் பழக்கம் வரும்போதோ, பள்ளிக்கூடம் சேரும்போதோ ஆரம்பிக்கும். அதில் குழந்தை உள்ளாடையில் கசியவிடும், மலம் தடித்து வரும். ஹிர்ஷ்ப்ரங் நோயில் கசிவு அபூர்வம். மலம் வந்தால் நாடா போல மெலிந்து வரும்.

இங்கே பெற்றோரை ஏமாற்றும் உண்மை ஒன்று உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும், ஒன்றரை மாதம் கடந்த குழந்தை நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட மலம் போகாமல் இருக்கலாம், அது இயல்பு. பாட்டி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் வயிறு மெத்தென்று இருக்கும், எடை ஏறும், போகும்போது தானாகக் களிம்பு போலப் போகும், முதல் நாளே காட்டுப்பீயும் போயிருக்கும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் பாட்டியின் ஆறுதல் இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

வெற்றிலைக் காம்பு வைத்தியமும் அப்படித்தான். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள், சிலர் சோப்பைச் சீவி வைப்பார்கள். ஹிர்ஷ்ப்ரங் குழந்தைக்கு இதைச் செய்தால் அடைபட்டிருந்த காற்றும் மலமும் பீறிட்டு வெளியே அடிக்கும். வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். அந்தப் பீறிடல்தான் நோயின் அடையாளம் என்று தெரியாததால் இப்படியே மாதங்கள் ஓடிவிடும். மருத்துவர் கையுறை விரலால் பரிசோதித்து எடுக்கும்போது இதே பீறிடலைப் பார்த்தால் உடனே நோயைச் சந்தேகிப்பார். வீட்டில் அது நடந்திருந்தால் கூச்சப்படாமல் அவரிடம் சொல்லுங்கள், சோப்பு வைத்ததையும் சேர்த்து.

## கண்டுபிடிக்கும் சோதனைகள், அவற்றில் நடக்கும் தவறுகள்

வயிறு உப்பி வாந்தியோடு வரும் குழந்தைக்கு முதலில் பாலை நிறுத்தி, மூக்கு வழியாக வயிற்றுக்குள் டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றுவார்கள். ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலம் தாமதமாவதற்குத் தைராய்டு குறைவும் காரணமாகலாம் என்பதால் அந்த ரத்தச் சோதனையும் உண்டு.

அடுத்து கான்ட்ராஸ்ட் எனிமா. ஆசனவாய் வழியாகச் சாய மருந்தை மெதுவாக விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். கீழே ஒல்லி, மேலே அகலம், இரண்டுக்கும் நடுவே புனல் போல ஒரு மாற்றப் பகுதி தெரிந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் படம் கெட்டுப்போக மூன்று வழிகள் உண்டு. முந்தின நாள் யாராவது குடலைக் கழுவிவிட்டால் அகல வித்தியாசம் மறைந்துவிடும். டியூப் நழுவாமலிருக்க உள்ளே பலூனை ஊதினால் ஒல்லிப் பகுதி விரிந்து படம் பொய் சொல்லும், குடல் கிழியவும் கூடும். குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தால், மேல் குடல் பெருக்க இன்னும் நேரம் கிடைத்திருக்காது. அதனால் படம் சாதாரணம் என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துச் சாய மருந்து உள்ளேயே தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

முடிவு சொல்வது பயாப்சிதான். பச்சிளம் குழந்தைகளுக்கு உறிஞ்சு பயாப்சி என்று ஒன்று இருக்கிறது. சிறு கருவியை உள்ளே விட்டு மலக்குடலின் உள்தோலில் சில மில்லிமீட்டர் சதையை எடுப்பார்கள். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லாததால் மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. எடுக்கும் இடம் ஆசனவாயின் பல்வரிசைக் கோட்டுக்கு (ஆசனவாய்த் தோலும் மலக்குடல் உள்தோலும் சேரும் கோடு) சுமார் 2 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அதைவிடக் கீழே எடுத்தால், நோயில்லாத குழந்தைக்கும் அங்கே கேங்லியான் அணுக்கள் குறைவு என்பதால் தவறாக நோய் என்று வரும். மேலோட்டமாக எடுத்தால், அணுக்கள் இருக்க வேண்டிய அடியடுக்கே துண்டில் இருக்காது. அப்போது அறிக்கையில் போதுமான மாதிரி இல்லை என்று வரும், மறுபடி எடுக்க வேண்டியதுதான். அதற்காக மருத்துவர் மேல் கோபப்படுவதில் பயனில்லை, தெளிவில்லாத துண்டை நம்பி அறுவைக்குப் போவதைவிட இது நூறு மடங்கு நல்லது. கால்ரெட்டினின் என்ற சாயப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி பிறந்தபோதே போட்டாயிற்றா என்பதையும் பயாப்சிக்கு முன் உறுதி செய்யுங்கள், வீட்டுப் பிரசவமாக இருந்தால் முக்கியமாக. பயாப்சி கண்ணாடித் துண்டுகளும், சதையைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகுக் கட்டிகளும் குழந்தையின் சொத்து மாதிரி. வேறு மருத்துவமனைக்கு மாறினால் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

## அறுவைக்குக் காத்திருக்கும்போது: வீட்டில் குடல் கழுவுவது

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். நோய் உறுதியான நாளுக்கும் அறுவை நாளுக்கும் நடுவே வாரங்களோ மாதங்களோ ஓடலாம். அந்த நாட்களில் குழந்தையைக் காப்பது இந்தக் கழுவல்தான். வார்டில் நர்ஸ் முன்னால் குறைந்தது நாலைந்து முறை நீங்களே செய்து, அவர் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும். படித்துவிட்டு மட்டும் செய்யாதீர்கள்.

எனிமாவும் கழுவலும் ஒன்றல்ல. எனிமாவில் மருந்தை உள்ளே விட்டுவிட்டுக் குழந்தை தானாகத் தள்ளட்டும் என்று விடுகிறோம். இந்தக் குழந்தையால் தள்ள முடியாது, விட்டது உள்ளேயே தங்கிவிடும். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா அப்படித் தங்கினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். கழுவலில் டியூப் உள்ளேயே இருக்கிறது, கொஞ்சம் விடுகிறோம், அதே டியூப் வழியாக அது திரும்பி வருகிறது.

தேவையானவை: 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் (மெடிக்கலில் 500 மி.லி. கிடைக்கும்), ஊசி மாட்டாத அகல முனை 50 மி.லி. சிரிஞ்ச், அறுவை மருத்துவர் எழுதித் தந்த எண்ணில் மென்மையான டியூப், தண்ணீரில் கரையும் ஜெல்லி, இரண்டு கிண்ணங்கள், பிளாஸ்டிக் விரிப்பு, பழைய துண்டுகள், ஒரு நோட்டு. டியூப் எண் பச்சிளம் குழந்தைக்குப் பொதுவாக 10 முதல் 14 வரை, வளர வளரக் கூடும். மெல்லிய டியூப் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அது மலத்தில் அடைத்துக்கொள்ளும். ஃபோலி டியூப் கொடுத்திருந்தால் அதன் பலூனை எக்காரணம் கொண்டும் ஊதாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியை மருத்துவர் சொல்லாமல் தினமும் தடவாதீர்கள், மலக்குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீர், கொதித்தாறிய தண்ணீர், மினரல் வாட்டர் எதுவும் கூடாது. உப்பில்லாத தண்ணீரைக் குடல் உறிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும். கண்ணளவில் உப்புப் போட்டுக் கலக்குவதும் வேண்டாம். சரியான கணக்கு லிட்டருக்கு 9 கிராம், அதை வீட்டுக் கரண்டியால் துல்லியமாக அளக்க முடியாது.

1. சலைன் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கவைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. குளிர்ந்த சலைன் சின்னக் குழந்தையின் உடம்பு வெப்பத்தையே இறக்கிவிடும்.

2. பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து இரு கால்களையும் தூக்கிப் பிடிக்க ஒருவர், டியூப் போட ஒருவர் என இரண்டு பேர் இருந்தால் நல்லது.

3. டியூப் முனையிலும் பக்கத் துளைகளிலும் ஜெல்லி தடவி, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை மெதுவாக உள்ளே விடுங்கள். ஒல்லிப் பகுதியைத் தாண்டினால்தான் பலன். தாண்டியதும் பெரும்பாலும் காற்று புஸ்ஸென்று வரும், மலமும் வரும். எங்காவது தடுத்தால் அழுத்தாதீர்கள். சற்றுப் பின்னே இழுத்துத் திருப்பி விடுங்கள், அல்லது 5 மி.லி. சலைன் விட்டுக்கொண்டே நகர்த்துங்கள்.

4. குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 10 மி.லி. சலைனை மெதுவாக விடுங்கள். 3 கிலோ குழந்தைக்கு 30 மி.லி. ஒரே தடவையில் கிலோவுக்கு 20 மி.லி.க்கு மேல் வேண்டாம்.

5. சிரிஞ்சைக் கழற்றி டியூப் நுனியைக் கிண்ணத்துக்குள் தாழ்த்துங்கள். தானாக வடியட்டும். சிரிஞ்சால் உறிஞ்சி இழுத்தால் குடலின் உள்தோல் துளைக்குள் சிக்கிப் புண்ணாகும். வயிற்றின் இடப்பக்கத்தை மேலிருந்து கீழ்நோக்கி மென்மையாக நீவிவிட்டால் வடிவது கூடும். வரவில்லை என்றால் டியூபை ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

6. விட்டது வந்த பிறகே அடுத்தது. வெளியே வருவது ஏறக்குறையத் தெளிவாகி, வயிறு மெத்தென்று ஆகும் வரை இப்படியே தொடருங்கள்.

7. கணக்கு எழுதுங்கள்: விட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிறம், நாற்றம், கழுவும் முன்னும் பின்னும் தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு. விட்டதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் கிலோவுக்கு 20 மி.லி.யைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துக் கேளுங்கள். 3 கிலோ குழந்தைக்கு அது 60 மி.லி., வீட்டு டம்ளரில் கால் பங்குதான்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்வார், பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று. திறந்த சலைன் பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். டியூபில் லேசான ரத்தக் கீற்று ஓரிரு முறை வரலாம். சொட்டுச் சொட்டாக ரத்தம், கழுவும்போது திடீர் வீறிடல், அதன்பின் வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல், இவை குடல் ஓட்டையானதன் அடையாளங்கள். உடனே பாலை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இந்தக் காலத்தில் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். விளக்கெண்ணெய், உரைமருந்து, பேதி மருந்து எதுவும் வேண்டாம். கீழே கதவு பூட்டியிருக்கும்போது மேலிருந்து தள்ளுவதால் வயிறு உப்புவதுதான் மிச்சம்.

## அறுவை

கழுவலில் வயிறு நன்றாக வடிகிறது, எடை ஏறுகிறது, குறையுள்ள பகுதி சின்னது என்றால் ஒரே அறுவையில் முடித்துவிடலாம். பிறந்த சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் செய்வார்கள். 1998 முதல் பரவலான முறையில் வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே நோய்ப்பட்ட குடலை வெளியே இழுத்து வெட்டி, நல்ல குடலை இறக்கித் தைக்கிறார்கள். லாப்ராஸ்கோப் துணையோடும் செய்வதுண்டு. ஸ்வென்சன், டுஹமேல், சோவே என்று அறுவைகளுக்குப் பெயர்கள் பல. எந்தப் பெயர் சிறந்தது என்று தேடுவதைவிட, உங்கள் அறுவை மருத்துவர் எதை அடிக்கடி செய்து கைதேர்ந்தவரோ அதுவே நல்லது.

கோலாஸ்டமி, அதாவது குடலை வயிற்றுச் சுவரில் திறந்து வைப்பது, சில குழந்தைகளுக்குத் தேவைப்படும். குடல் ஓட்டையானது, கடும் குடல் அழற்சி, கழுவலுக்கு அடங்காத வயிறு, பெருத்துப்போன குடல், நீளமான குறை, மெலிந்த குழந்தை, இவைதான் காரணங்கள். அதைத் தோல்வியாக நினைக்கும் பெற்றோர் உண்டு. பெருத்த குடல் சுருங்கவும் குழந்தை தேறவும் கிடைக்கும் ஓய்வு அது. திறப்பு ஈரமான சிவப்பில், உதட்டின் உட்பக்கம் போல இருக்க வேண்டும். கருத்தாலோ நீலமானாலோ அன்றே போகணும். துடைக்கும்போது இரண்டு சொட்டு ரத்தம் வருவது சகஜம். பை ஒட்டும் வளையத்தைத் திறப்பைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் இடைவெளித் தோல் புண்ணாகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள், நிரம்பிய பை தன் எடையாலேயே பிய்த்துக்கொள்ளும்.

பெருங்குடல் முழுக்கக் குறையுள்ள குழந்தைக்குச் சிறுகுடலைத் திறப்பார்கள். அதில் தண்ணீராகப் போகும்போது உப்பும் போய்விடும். பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாவிட்டால் சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம் சரியாகக் காட்டும்போதே சிறுநீரில் குறைந்திருக்கும், அந்தக் குழந்தைக்கு மருத்துவர் கணக்கில் உப்புத் தர வேண்டிவரும்.

அறுவை நடக்கும்போதே நல்ல குடல் எங்கே தொடங்குகிறது என்று உறைநிலைப் பயாப்சியால் சரிபார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு நீளம் எடுத்தார்கள், எந்த இடத்துக் குடலைக் கீழே இறக்கினார்கள், எடுத்த குடலின் மேல் நுனியில் கேங்லியான் அணுக்கள் இருந்ததாக இறுதிப் பயாப்சி சொல்கிறதா. பிற்காலத்தில் பிரச்சினை வந்தால் எந்த மருத்துவரும் முதலில் கேட்பது மூன்றாவதைத்தான். அரசு மருத்துவமனைகளிலும் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளிலும், உங்கள் குழந்தையின் அறுவை திட்டத்துக்குள் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

## அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதம்

முதல் வாரங்களில் நாளுக்குப் பத்து, பதினைந்து முறை தண்ணீராகப் போகும். இதுநாள் வரை மலமே படாத தோல் ஒரே நாளில் வெந்துபோகும். சிவந்த பிறகு மருந்து தேடாதீர்கள், முதல் மலத்திலிருந்தே துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிப்பாக அப்புங்கள். தோலின் நிறமே தெரியாத அளவுக்கு அப்ப வேண்டும். அடுத்த முறை மலம் போனால் மேலே உள்ள அழுக்கை மட்டும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் களிம்பை அப்படியே விட்டு மேலே இன்னும் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் தேய்த்துக் கழுவுவதுதான் பாதித் தோலை உரிக்கிறது. வாசனைத் துடைதாளும் பவுடரும் வேண்டாம். பகலில் கொஞ்ச நேரம் துணியில்லாமல் காற்றாட விடுங்கள். விளிம்பில் சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது பூஞ்சை, அதற்கு வேறு களிம்பு வேண்டும்.

ஆசனவாய் வழியாகக் காய்ச்சல் பார்க்காதீர்கள், மாத்திரை வைக்காதீர்கள், தையல் புதிது. சுமார் இரண்டு மூன்று வாரம் கழித்து அறுவை மருத்துவர் விரலாலோ கம்பியாலோ தையல் இடம் இறுகுகிறதா என்று பார்ப்பார். இறுகினால் வீட்டில் விரிப்பான் போடக் கற்றுத் தருவார். குழந்தை அழுகிறது என்று இரண்டு வாரம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

## குடல் அழற்சி: அந்த வயிற்றுப்போக்கு

அறுவைக்கு முன்பும் வரும், வெற்றிகரமான அறுவைக்குப் பிறகும் வரும். பின்னதில் அபாயம் முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகம். தேங்கிய மலத்தில் கிருமி பெருகிக் குடல் சுவரை அரித்து ரத்தத்தில் ஏறுகிறது. குழந்தை திடீரென்று சோர்ந்துபோகும், பால் மறுக்கும், வயிறு மத்தளம் போல உப்பும், காய்ச்சல் வரும். மலம் பீறிட்டுத் தண்ணீராக, சகிக்க முடியாத நாற்றத்தோடு வரும். ரத்தமும் கலக்கலாம்.

சாதாரண வயிற்றுப்போக்கில் வயிறு பெரும்பாலும் ஒட்டிப்போகும், இதில் உப்பும். வீட்டில் இருந்தபடியே இரண்டையும் பிரித்தறிய உதவும் முக்கியமான வித்தியாசம் இது. தெரு முனை கிளினிக்கில் பேதி நிற்க மருந்து கொடுத்தால் குடல் இன்னும் தேங்கி, மணிக்கணக்கில் நிலைமை முற்றும். லோபரமைட் போன்ற மருந்து கூடவே கூடாது. உப்புக் கரைசல் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் போதாது.

சந்தேகம் வந்தால் பாலை நிறுத்துங்கள். அறுவை மருத்துவமனைக்கு அழைத்து, அவர்கள் சரி என்றால் ஒருமுறை கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். அங்கே டிரிப்ஸ், மெட்ரோனிடசோல் உள்ளிட்ட ஆன்டிபயாடிக், நாளுக்குப் பல முறை கழுவல், எக்ஸ்ரே என்று போகும். நேரத்தில் போனால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். அழற்சி இருக்கிறதா, இல்லையா என்று குழப்பமாக இருந்தால் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி மருத்துவருக்கு இந்த நோய் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருங்கள்: "ஹிர்ஷ்ப்ரங் நோய். அறுவை நடந்த தேதி. வயிறு உப்பி, காய்ச்சலோடு பேதி வந்தால் குடல் அழற்சி எனக் கருதவும். பேதி நிறுத்தும் மருந்து கூடாது. குடல் கழுவல் தேவை. அழைக்க வேண்டிய எண்." மருத்துவமனை முத்திரையோடு இருந்தால் வரிசையில் வாதாட வேண்டியிருக்காது.

அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ அடைப்பு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். தையல் சுருங்கியிருக்கலாம், இறக்கிய குடல் முறுக்கியிருக்கலாம், மாற்றப் பகுதியையே இறக்கித் தைத்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் உள் இறுக்குத் தசை மட்டும் தளராமல் இருந்தால், போட்யூலினம் ஊசி சில மாதங்களுக்கு உதவும். பெரும்பாலும் வளர வளர இது தணியும்.

## வளரும்போது

இரண்டரை, மூன்று வயதில் கழிவறைப் பழக்கம் தொடங்குங்கள். மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகும். சாப்பிட்டதும் குடல் அசையும் என்பதால், காலை இட்லிக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் உட்காரவையுங்கள். மேல்நாட்டுக் கழிவறையானால் காலடியில் ஒரு முக்காலி போடுங்கள், தொங்கும் காலோடு யாராலும் முக்க முடியாது.

உள்ளாடை அழுக்காவதற்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. மலம் தேங்கி வழிவது ஒன்று, குடல் வேகமாக ஓடித் தாங்க முடியாமல் போவது இன்னொன்று. முதலாவதற்குப் பேதி மருந்தும் தினசரி எனிமாவும் வேண்டும், இரண்டாவதற்கு மலத்தைக் கட்டும் உணவும் மருந்தும் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இரண்டும் மோசமாகும். வயிற்று எக்ஸ்ரே ஒன்று எடுத்தாலே பெரும்பாலும் எது என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மருந்து எழுதினால் ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது வகைக் குழந்தைக்குப் பழச்சாறு, வெல்லம், பேரீச்சம்பழம் குறைத்து, சாதம், வாழைக்காய், தயிர் சேருங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். கேட்டவுடன் கேள்வி கேட்காமல் கழிவறைக்கு விட வேண்டும், பையில் ஒரு மாற்று உள்ளாடையும் இரட்டைப் பிளாஸ்டிக் உறையும் இருக்கும், அவ்வளவுதான் வேண்டுகோள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் மருத்துவமனைக் கடிதத்தை நீட்டுங்கள்.